சொல்லாதே, போய்க் காட்டு
(வானொலி மறையுரை: பொதுக்காலம் 6ஆம் ஞாயிறு, உலக நோயாளர் நாள், 11.02.2024)



இன்று பொதுக்காலத்தின் 6ஆம் ஞாயிறு. பிப்ரவரி 11, தூய லூர்து அன்னையின் நாளும் இதுவே. புனித இரண்டாம் யோவான் பவுல் 1992இல் இந்த நாளை உலக நோயாளர் நாளாக அறிவித்தார். 1993 முதல் திருச்சபை இதைக் கடைப்பிடித்து வருகிறது. மனிதர் தனிமையாக இருப்பது நல்லதல்ல என்று தொடக்கநூலில் கடவுள் கண்டதையே 2024ஆம் ஆண்டின் நோயாளர் நாள் செய்திக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் பொருளாக எடுத்தார். நோயாளரைக் குணமாக்க வேண்டுமானால் முதலில் அறுந்துபோன உறவுகளைக் குணமாக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இன்றைய வாசகங்களும் அதையே பேசுகின்றன. லேவியர் நூலில் தொழுநோயாளருக்கான சட்டத்தைக் கேட்டோம். அவர் கிழிந்த ஆடை அணிய வேண்டும். தலைமுடியை வாரக்கூடாது. தாம் தீட்டுப்பட்டவர் என்று தம் வாயாலேயே கூவிச் சொல்ல வேண்டும். பாளையத்துக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். நோய் ஒரு தண்டனை என்றால், அதைத் தாமே ஊருக்கு அறிவிப்பது இரண்டாவது தண்டனை.

மாற்கு நற்செய்தியிலோ இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. தொழுநோயாளர் ஒருவர் இயேசுவிடம் வந்து முழந்தாளிடுகிறார். இயேசு அவர்மீது பரிவு கொண்டு, கையை நீட்டித் தொடுகிறார். தொட்ட பிறகு இரண்டு கட்டளைகள் தருகிறார். ஒன்று, இதை யாருக்கும் சொல்லாதே என்பது. மற்றொன்று, போய்க் குருவிடம் உன்னைக் காட்டு என்பது. அந்தக் காலத்தில் தோல்நோயைப் பார்த்து, இருக்கிறதா நீங்கிவிட்டதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் குரு. அப்படியானால் இயேசு சொல்வது என்ன? ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை; பார்க்க வேண்டியவரிடம் மட்டும் மறைக்காமல் காட்டு. ஊரைக் கூட்டிக் கூவச் சொன்ன பழைய சட்டத்திலிருந்து அந்த மனிதரை விடுவிக்கிறார் ஆண்டவர். அதேநேரத்தில் எல்லாரிடமிருந்தும் ஒளிந்துகொள்ளவும் அவர் சொல்லவில்லை.

இந்த இரண்டு கட்டளைகளையும் கையில் வைத்துக்கொண்டு, இன்று நம்மிடையே எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் சகோதர சகோதரிகளை நினைத்துப் பார்ப்போம். குறிப்பாக, அவர்களுடைய சிறுநீரகங்களைப் பற்றிப் பேசுவோம். மறையுரையில் சிறுநீரகமா என்று யாரும் வியக்க வேண்டாம். எபிரேய மொழி விவிலியத்தில் கடவுள் மனிதரின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்தறிகிறார் என்று எரேமியா பேசுகிறார். மனிதருக்குள் மிக ஆழத்தில், வேறு யார் கண்ணுக்கும் படாமல் இருக்கும் உறுப்பு என்பதால் அதை மனச்சான்றின் இருப்பிடமாகவே அவர்கள் கருதினார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை உள்ளிந்திரியம் என்றது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில், சேகரித்த இரத்த மாதிரிகளில் அது கண்டறியப்பட்டது. அந்த ஆண்டுகளில் இந்த நோய் என்றால் மரணம் என்றே பொருள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. தாம்பரம் அரசு மருத்துவமனை தொடக்கத்திலேயே அதைக் கொடுத்த இடங்களில் ஒன்று. இன்று நம் மாவட்டத்துக்குத் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலேயே கூட்டு மருந்து மையம் இருக்கிறது. நாள்தோறும் ஒரே ஒரு மாத்திரை. அதை விடாமல் எடுப்பவரின் இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாகக்கூடத் தொற்று பரவுவதில்லை. பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி, முதுமை காணும் காலம் வந்துவிட்டது. இதற்காக நாம் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் ஆயுள் நீளும்போது புதிய கவலைகளும் வருகின்றன. அதில் ஒன்று சிறுநீரகம். முதுகுப் பக்கம், கைமுட்டி அளவில், இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்று இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வளவு வேலை செய்தும் சத்தமே போடாத உறுப்பு அது. பாதிக்கு மேல் பழுதாகும்வரைகூட வலி தெரியாது. கால் வீக்கம், முகம் வீங்குதல், சிறுநீர் நுரைத்துப் போதல், களைப்பு, குமட்டல் என்று அடையாளங்கள் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவரின் சிறுநீரகத்துக்கு ஆபத்து பல வாசல்களில் வருகிறது. முதல் வாசல் அந்தக் கிருமியேதான். மருந்தில்லாமல் விட்டால் அது சிறுநீரகத்தின் வடிகட்டிகளையே தாக்கி, உடலுக்கு வேண்டிய புரதத்தைச் சிறுநீரில் ஒழுகவிடும். இரண்டாவது வாசல், எல்லாரையும் போலவே, சர்க்கரையும் இரத்த அழுத்தமும். மூன்றாவது வாசல் நாம் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டியது. அரசு கொடுக்கும் அந்த ஒற்றை மாத்திரையில் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கின்றன: டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர். இவற்றில் டெனோபோவிர் நல்ல மருந்து, வலிமையான மருந்து. மஞ்சள்காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி-யையும் சேர்த்தே அடக்குவது. பெரும்பாலானவர்களுக்கு அது எந்தத் தீங்கும் செய்வதில்லை. சிலருக்கு மட்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தங்கி அவற்றை மெல்லப் பழுதாக்குகிறது. வயதானவர்கள், உடல் மெலிந்தவர்கள், சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்கள், ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இதைக் கேட்டவுடன் யாரும் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. அது வீட்டில் எலி இருக்கிறதென்று வீட்டையே கொளுத்துவது போலாகும். மருந்தை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். அதே கிருமி சிறுநீரகத்தையும் தாக்கும். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்குக் கல்லீரலும் திடீரென்று பாதிக்கப்படலாம். செய்ய வேண்டியது சோதனை. இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவையும், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்பதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொண்டால் போதும். பழுது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். டெனோபோவிர்தான் காரணம் என்று தெரிந்தால், அதற்குப் பதில் அபாகாவிர் போன்ற வேறு மருந்தை மருத்துவர் மாற்றித் தருவார். காலத்தில் மாற்றினால் பலருக்குச் சிறுநீரகம் தேறிவிடுகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கையும் தெரிந்துகொள்வோம். கிரியேட்டினின் 1.1 என்று சீட்டில் வந்தால் நார்மல் என்று மடித்து வைத்துவிடுகிறோம். 30 வயதுள்ள, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு அந்த 1.1 என்றால், சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 97 மில்லி வடிக்கிறது என்று கணக்கு வரும், கவலை இல்லை. அதே 1.1, 55 வயதுள்ள, 40 கிலோ எடையே உள்ள ஒரு தாய்க்கு வந்தால், கணக்கு ஏறத்தாழ 36தான். டெனோபோவிரை 50க்குக் கீழே தவிர்க்கச் சொல்கிறார்கள். ஒரே எண், ஒருவருக்கு நலம், மற்றவருக்கு எச்சரிக்கை. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், என் வயதுக்கும் எடைக்கும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் ஐயா என்று மையத்தில் கேட்க வேண்டும். டொலுடெக்ராவிர் தொடங்கிய முதல் வாரங்களில் கிரியேட்டினின் சற்றே கூடுவதும் உண்டு. அது சிறுநீரகம் பழுதாவதால் அல்ல, அந்தக் கழிவு வெளியேறும் ஒரு வழியை மருந்து கொஞ்சம் தடுப்பதால். எது கவலைக்குரியது, எது அல்ல என்று மருத்துவர்தான் பிரித்தறிய முடியும்.

நான்காவது வாசல் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று நாம் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். ராதாபுரம் வட்டாரத்தில் ஒரு சகோதரியை மனதில் கற்பனை செய்துகொள்வோம். கணவரை இழந்தவர். பத்தாண்டுகளாகக் கூட்டு மருந்து எடுக்கிறார். வள்ளியூரில் பஸ் மாறி ஹைகிரவுண்டுக்குப் போய்வருகிறார். கேட்பவர்களிடம் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்கிறார். பீடி சுற்றியோ, களை பறித்தோ, மீன் சுமந்தோ அவருக்கு ஓயாத இடுப்புவலி. பக்கத்து மருந்துக்கடையில் இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வலி தாங்காவிட்டால் உள்ளூர் மருத்துவரிடம் ஓர் ஊசி. என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் அம்மா என்று அவர் கேட்டால், ஒன்றுமில்லை என்கிறார். பாவம், அந்த மருத்துவருக்குத் தெரியாது. டைக்ளோபெனாக் போன்ற வலி மருந்துகள் டெனோபோவிருடன் சேரும்போது சிறுநீரகத்துக்குப் பெரும் சுமை. சர்க்கரைக்கான மெட்பார்மின் எடுப்பவராக இருந்தால், டொலுடெக்ராவிர் அதன் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இன்னும் ஆபத்து. இதற்கும் மேலே கோடை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை. ஊர்ப் பெயர் தெரியாத வைத்தியர் கொடுத்த பொடி. இத்தனையும் சேர்ந்து அந்தச் சகோதரியின் சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருக்கின்றன.

இப்போது சொல்லுங்கள், அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? மாத்திரையா? வலி ஊசியா? அவையெல்லாம் இரண்டாவது. முதலாவது, ஒன்றுமில்லை என்று அவரைச் சொல்ல வைத்த பயம். அந்தப் பயத்தை அவர் கடையில் வாங்கவில்லை. தெருவிலும் திண்ணையிலும் நடக்கும் பேச்சு அவருக்குக் கொடுத்தது அது. இன்னாருக்கு அந்த வியாதியாம் என்று காதோடு காதாகச் சொல்லும் ஒரு சொல், இன்னொருவர் உடலுக்குள் போய் ஓர் உறுப்பைப் பழுதாக்கும் வல்லமை கொண்டது. பகைமையோடு சொல்லியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பொழுதுபோக்காகச் சொன்னாலும் அது போய்ச் சேரும் இடம் அதுவே.

அந்தச் சகோதரிக்கு இன்றைய நற்செய்தி இரண்டு சொற்களைத் தருகிறது. யாருக்கும் சொல்லாதே, அது உன் உரிமை. போய்க் காட்டு, அது உன் உயிருக்கான வழி. தாயே, உன் நோயை ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கில்லை. ஆனால் உனக்கு ஊசி போடுபவருக்கும் மருந்து எழுதுபவருக்கும் சொல்லிவிடு. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் கூட்டு மருந்து மையத்தின் அட்டையைக் காட்டிவிடு. வலிக்கு எதை எடுக்கலாம் என்று மையத்து மருத்துவரிடமே கேள்.

நாட்டின் சட்டமும் இன்று இதே இரண்டையும் சொல்கிறது. 2017இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய தொற்று நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. தொற்று இருக்கிறது என்பதற்காக மருத்துவம், வேலை, கல்வி, வாடகை வீடு ஆகியவற்றை மறுப்பதையும் தடுக்கிறது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் இந்தச் சட்டம் உயிர்காக்கும் சட்டம். எச்.ஐ.வி. உள்ளவரை டயாலிசிஸ் பிரிவில் ஒதுக்கி வைக்கவோ தனி இயந்திரம் வைக்கவோ மருத்துவ முறையில் தேவையில்லை; எல்லாருக்கும் கடைப்பிடிக்கும் தொற்றுத் தடுப்பு முறைகளே போதும் என்று உலக அளவிலான வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. மாற்றுச் சிறுநீரகமும் எட்டாக்கனி அல்ல. தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுனில் மருத்துவர் எல்மி முல்லர், 2008இல், எச்.ஐ.வி.யோடு இறந்தவர்களின் சிறுநீரகத்தை எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கே பொருத்தத் தொடங்கி, உலகின் கண்களைத் திறந்தார். யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய உறுப்பு இன்னொருவருக்கு வாழ்வானது. கட்டுவோர் விலக்கிய கல்லைப் பற்றி ஆண்டவர் பேசியது நம் நினைவுக்கு வருகிறது அல்லவா?

இது எப்படித் தொற்றியது, யார் பாவம் என்ற கேள்வி இன்னும் சிலருடைய நாவில் இருக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்டபோது சீடர்களும் அதைத்தான் கேட்டார்கள். இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. கணவரிடமிருந்து பெற்ற மனைவி உண்டு, தாயிடமிருந்து பெற்ற குழந்தை உண்டு, இரத்தம் ஏற்றியதால் பெற்றவர் உண்டு. அவர்களைத் தனியே பிரித்து இவர்கள் மட்டும் குற்றமற்றவர்கள் என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை. தொழுநோயாளரைத் தொடுமுன் இயேசு விசாரணை நடத்தவில்லை.

அன்பார்ந்தவர்களே, வருகிற புதன்கிழமை, பிப்ரவரி 14, திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்குகிறது. நம் மக்கள் நோன்பை உயிராக மதிப்பவர்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நோன்புச் சட்டம் 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயது தொடங்கும்வரை உள்ள, உடல்நலம் உள்ளவர்களுக்கே உரியது. நோயாளருக்குத் திருச்சபை விலக்கு அளிக்கிறது. மாத்திரை எடுக்கும் எவரும் நோன்பை முன்னிட்டு அதை ஒரு நாளும் விடக்கூடாது. தண்ணீர்கூடக் குடிக்காமல் சுடுவெயிலில் இருப்பதோ, உவரிக்கும் வேளாங்கண்ணிக்கும் தாகத்தோடு நடப்பதோ தளர்ந்த சிறுநீரகத்தை ஒரே நாளில் சாய்த்துவிடலாம். தாகத்துக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டே திருப்பயணம் போனால் புனித அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

நலமாக இருக்கும் நமக்கு இந்தத் தவக்காலத்தில் வேறொரு நோன்பு இருக்கிறது. அது நாக்கின் நோன்பு. இன்னாருக்கு என்ன நோய் என்ற பேச்சு நம் காதுக்கு வந்தால், அது நம்மோடு நிற்கட்டும். அன்பியக் கூட்டத்தில் சிறுநீரக நலம் பற்றி ஒரு முறை பேசலாம். அரசின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, அழுத்தம், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றை ஊரே சேர்ந்து சோதித்துக்கொள்ளலாம். எல்லாரும் வரிசையில் நின்றால், அந்தச் சகோதரியும் யார் கண்ணையும் உறுத்தாமல் அதே வரிசையில் நிற்க முடியும். வின்சென்ட் தே பவுல் சபையினர் மருத்துவமனைக்குப் போகும் எவருக்கும், என்ன நோய் என்று கேட்காமலேயே, பஸ் செலவுக்கு உதவலாம். மார்ச் இரண்டாம் வியாழன் உலக சிறுநீரக நாள். இந்த ஆண்டு அது மார்ச் 14இல் வருகிறது. அன்றைக்குள் இதில் ஒன்றையாவது செய்துவிடலாமே.

நம்மால் முடியுமா என்று தயங்க வேண்டாம். நம் பக்கத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்துக்குள்ளேயே ஒரு காலத்தில் மக்களைப் பிரிக்கும் சுவர் இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டது. கல்லில் கட்டிய சுவரையே இடித்த மண் இது. பேச்சினால் கட்டிய சுவரை இடிப்பது அதைவிடக் கடினமாக இருக்காது.

நற்செய்தியின் கடைசி வரியை மறந்துவிடக்கூடாது. குணமான மனிதர் எங்கும் செய்தியைப் பரப்பியதால், இயேசு ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே, ஆளில்லாத இடங்களில் தங்கினார். வெளியே இருந்தவர் உள்ளே வந்தார். உள்ளே இருந்தவர் வெளியே போனார். ஒருவரைத் தொட்டதற்கு ஆண்டவர் கொடுத்த விலை அது. ஒதுக்கப்பட்டவர் பக்கம் நிற்பவருக்கும் சில பேச்சுகள் கேட்க நேரிடலாம். அப்போது நாம் நிற்கும் இடம் ஆண்டவர் நின்ற இடம் என்பதை நினைத்துக்கொள்வோம்.

செபிப்போமாக. உள்ளத்தின் ஆழத்தை அறிந்த ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் மருந்து உண்டு, யாருக்கும் தெரியாமல் அழுது, யாருக்கும் தெரியாமல் செபிக்கும் எம் சகோதர சகோதரிகளை நீர் அறிவீர். அவர்களுக்கு உடல்நலமும், உண்மையைச் சொல்வதற்கு ஏற்ற நல்ல மருத்துவர்களையும் தாரும். அவர்கள் பயமின்றி உட்காரும் இடமாக எங்கள் பங்குகளையும் வீடுகளையும் மாற்றும். தூய லூர்து அன்னையே, நோயாளரின் ஆரோக்கியமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.